தெம்பே போதும் என்றவர், போதாது என்றும் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை, புக்கிட் பெருந்துங்கில் மகள் வீட்டில் பேரனுக்குப் பள்ளிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நம் பௌர்ணமிக் குழுவின் வாட்ஸப்பில் அந்தச் செய்தி வந்தது. ஈஜோக் ஊர் முனியாண்டி அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். வயது எழுபத்தாறு, மாரடைப்பாம். அடுத்த நிமிடமே யாரோ ஒருவர் எழுதியிருந்தார், பாலும் மீனும் இல்லாத உடம்பு இவ்வளவு காலம் தாங்கியதே பெரிசு என்று. இன்னொருவர் அதற்குப் பதிலாக, சாப்பாட்டு ஒழுக்கத்தால்தான் இத்தனை வருடம் இருந்தார் என்றார். அண்ணன் இருந்திருந்தால் இரண்டு பேருக்குமே நல்ல திட்டு கிடைத்திருக்கும். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசினால் அவருக்குப் பிடிக்காது. அந்தக் குணம் அவருக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆடும் கோழியும் கேட்கும் சாமியின் பேரை வைத்துக்கொண்டு தேன்கூடத் தொடாமல் வாழ்ந்தவர் அவர். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் சொந்த லோரி வைத்திருந்தார். ஐம்பது வயதுவரை அவர் சாப்பிடாத கறியில்லை. பிறகு ஒருநாள் கறியை விட்டார், மறு வருடம் பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டார். இளசுகள் அதை வீகன் என்றார்கள். அவரோ, "உசுர நோவடிக்காத சாப்பாடு, அவ்வளவுதான்லா" என்பார். கோயில் திருவிழாவில் எல்லோரும் பால்குடம் தூக்க, இவர் மட்டும் இளநீர்க் குடம் தூக்குவார். பூசாரி முறைத்துப் பார்த்து ஓய்ந்துபோனார்.

தினமும் தவ்வு என்கிற சோயாக் கட்டி, இல்லாவிட்டால் சோயாவைப் புளிக்கவைத்து வாழையிலையில் மடித்த தெம்பே. சோயா சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்று கடைத்தெருவில் ஒருவர் கிண்டல் செய்தபோது, "நாலு புள்ளைக்கு அப்பன்யா நான்" என்று மார்தட்டினார். நாலும் அவர் கறி தின்ற காலத்தில் பிறந்தவை என்று நான்தான் போட்டுக்கொடுத்தேன். என்னைவிட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான்.

அவர் பேச்சுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. பௌர்ணமிதோறும் ஈஜோக் கோயில் மண்டபத்தில் அன்னதானம் போட்டு, அரை மணி நேரம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார். முப்பது குடும்பங்கள் அவரைக் கேட்டு மாறின. அதில் என் மகள் மாலாவும் ஒருத்தி. "தெம்பேல எல்லாமே இருக்கு, மாத்திரக்காரன் பொழப்புக்கு நாம ஏன் முழுங்கணும்?" என்பது அவர் அடிக்கடி சொன்ன வாக்கு. மாலா அதை வேதமாக எடுத்துக்கொண்டாள்.

ஏழு வருடத்துக்கு முன்னால், ஆடித் திருவிழா. உச்சி வெயிலில் தார் ரோடு கொதித்தது. குடம் தூக்கியவர்கள் எல்லாம் குதித்துக் குதித்துப் புல் ஓரத்துக்கு ஓட, அண்ணன் மட்டும் நடு ரோட்டில் நிதானமாக நடந்தார். பெண்கள் குலவை போட்டார்கள். அம்மன் அருள் என்று அவர் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள், நானும்தான். அவருக்கும் அதில் பெருமை இருந்ததைப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் காலைத் துடைத்த அவர் மனைவி அலறிவிட்டார். இரண்டு பாதமும் கொப்பளம். அவருக்கோ வலியே இல்லை. கொஞ்ச மாதமாகவே செருப்பு கழன்று விழுவது தெரியாமல் நடந்ததும், லோரியில் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று புரியாமல் போனதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அரசாங்கக் கிளினிக்கில் இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், இல்லை என்றார்கள். ரத்தத்தில் பி12 சத்து அடிமட்டத்தில் இருந்தது. அது செடிகொடியில் கிடைக்காது, தெம்பேயை நம்பவும் முடியாது, மாத்திரையோ ஊசியோ வேண்டும், பல வருடம் விட்டால் நரம்பு போகும் என்று டாக்டர் விளக்கினார். தவ்வும் தெம்பேயும் அளவாகச் சாப்பிட அவருக்குத் தடையில்லை என்றும் சொன்னார்.

முதல் ஊசி போட்ட கையோடு அவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. மகனை வண்டியோட்டச் சொல்லி நேராக மாலா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். மாலா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. கால் கட்டோடு வாசலில் நின்றபடியே சொன்னார்.

"மாலா, மாமா சொன்னது தப்பும்மா. நாளைக்கே கிளினிக் போய் ரத்தம் குடு."

"அப்போ நான் மீனு, முட்ட சாப்பிடணுமா மாமா?"

"அத நான் சொல்ல மாட்டேன். என்ன சாப்பிடுறே, என்ன சாப்பிடலன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லு. மாத்திரய மட்டும் வேணாங்காத. வயித்துல இருக்கிறதுக்கும் சேத்துதான்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். லோரி ஓட்டுகிறவன் டாக்டர் வேலை பார்த்தால் இப்படித்தான் என்றேன். இந்த வீட்டு வாசலை இனி மிதிக்காதீர்கள் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் போனார். மாலாவின் ரத்தத்திலும் அந்தச் சத்து குறைவாகத்தான் இருந்தது. ஊசி போட்டார்கள். பேரன் நல்லபடியாகப் பிறந்தான். அண்ணன் அன்று வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு இன்னமும் பயம்.

அடுத்த பௌர்ணமிக்கு மைக்கைப் பிடித்து அத்தனை பேர் முன்னாலும் சொல்லப் போகிறேன் என்றார். குழுவில் பெரியவர்கள் தடுத்தார்கள். ஒவ்வொருவரிடமும் காதோடு காதாகச் சொல்லிக்கொள்ளலாம், கறி தின்கிறவர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள், குழு மானம் போகும் என்றார்கள்.

"சிரிக்கட்டும்லா. நான் தப்பச் சொன்னது மைக்குல. திருத்துறதும் மைக்குலதான்."

சொன்னார். அம்மன் அருள் என்று கும்பிட்டீர்களே, அது மரத்துப்போன கால் என்றார். இரண்டு குடும்பங்கள் அன்றே குழுவை விட்டுப் போயின. மற்றவர்கள் வரிசையாகக் கிளினிக்குக்குப் போனார்கள். யாரும் கேட்காமலே அண்ணன் லோரிச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டார். கால் முழுசாகத் தேறவில்லை. உணவை மட்டும் மாற்றவில்லை, தெம்பேக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை டப்பா வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றவர். பெரிய படிப்புப் படித்தவர்களிடம்கூட இந்த நேர்மையை நான் பார்த்ததில்லை. இப்படி ஒருவரோடு பழகினேன் என்பதில் எனக்கு அத்தனை பெருமை.

பிறகு அவரும் வந்தார், நானும் பேசினேன், பேரனுக்குப் பேர் வைக்கும்போது பக்கத்தில் உட்காரவும் வைத்தேன். ஆனால் அன்று வாசலில் பேசியதைப் பற்றி நான் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. அவர் மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது சாப்பாட்டு முறையை அல்ல, நான் இன்றும் மோர் குடிக்கிறவள்தான். ஊரறிய அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் எடுத்துக்கொள்கிறேன். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் படிக்கிற இந்த இடத்திலேயே அதைச் சொல்லிவிடுகிறேன்: அண்ணே, அன்னிக்கு நான் பேசுனது தப்பு.