அடைக்காத வீடு

ஜப்பானில் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றி, அதன் முன்பக்கத்தை வாசலை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். உள்ளே வந்த கையோடு கிளம்பத் தயாராவது போல இருக்கும். மூன்று வருடமாகியும் எனக்குப் பழகவில்லை.

நான் சமைக்கும் ஓட்டலில் பாத்திரம் கழுவும் சாத்தோ, ஒரு விடுமுறை நாளில் ஜப்பான் பேய்ப்படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். பிறகு அதையே அமெரிக்காக்காரர்கள் எடுத்ததையும் காட்டினார். இரண்டிலும் அதே வீடு, அதே மாடிப்படி. அமெரிக்கப் படத்தில் போலீஸ் வந்தது, பழைய கொலை தெரிந்தது, கடைசியில் வீட்டைக் கொளுத்தினார்கள். ஜப்பான் படத்தில் பேயாக வரும் பெண் கடைசிவரை மாடியில் உட்கார்ந்தே இருந்தாள். ஏன் போகவில்லை என்று கேட்டேன். "அவள் வீடு" என்றார் சாத்தோ, என் கேள்வியே விளங்காதவர் போல.

எங்கள் பொம்மிடிப் பக்கம் இரண்டு மாதிரியும் இல்லை. ஆகாத நட்சத்திரத்தில் ஒருவர் இறந்தால், அவர் கிளம்பிப் போகும்வரை வீட்டை அடைத்துவிடுவோம். அப்பா அவிட்டத்தில் போனார். ஆறு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு மாட்டுக்கொட்டகையில் படுத்தோம். கெடு முடிந்து கதவைத் திறந்தபோது யாருக்கும் பயமில்லை.

வந்த நாளிலிருந்து நான் இருக்கும் அறைக்கு வாடகை குறைவு. சாவி கொடுத்த தரகர் ஏதோ நீளமாகச் சொல்லி, "டைஜோபு?" என்றார். பரவாயில்லையா என்று அர்த்தம். கூச்சத்தில் நானும் "டைஜோபு" என்று தலையாட்டினேன். படம் பார்த்த அன்றுதான் சாத்தோ என் வாடகைப் பத்திரத்தைப் படித்துச் சொன்னார்: எனக்கு முன்னால் இங்கே ஒரு பெரியவர் தனியாக இறந்து கிடந்திருக்கிறார்.

அடுத்த மாதம் என் மனைவி செல்வி இங்கே வருவதாக இருந்தது. சொன்னால் வரமாட்டாளோ என்று பயம். இருந்தும் போனில் சொன்னேன்.

"எந்த நட்சத்திரங்க?"

"தெரியல. ரொம்ப நாள் கழிச்சிதான் பாத்திருக்காங்க. செத்த நாளே யாருக்கும் தெரியாது."

"எத்தன மாசம் அடைச்சாங்க?"

"அடைக்கவே இல்ல. கழுவி, பெயிண்ட் அடிச்சி, எனக்கு வுட்டுட்டாங்க."

"நல்லா இருக்குதுங்க உங்க ஊரு நாயம். அப்ப அந்த மனுசன் இன்னும் போவலீங்க. மூணு வருசமா ரெண்டு பேருமா இருந்திருக்கீங்க."

நான் அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

"நான் வந்துட்டா இங்க நம்ம வூட்டயும் பூட்டணும். இதுக்காச்சும் எத்தன மாசம்னு சொல்லுங்க, வர்றேன்."

இன்னும் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து செருப்பை வாசல் பார்த்துத் திருப்பி வைக்கிறேன். பக்கத்தில் இன்னொரு ஜோடிக்கு இடம் விடுகிறேன். வராதவளுக்கா, போகாதவருக்கா என்று தெரியாமலே.