குருவம்மாள் பார்க்காத சிவப்பு

வற்றிய கிணற்றின் பாறையில் வாளி கரகரவென்று உரசுகிற சத்தம் இன்றைக்குக் காதில் விழுந்தாலும் எனக்குக் கோபந்தான் வரும். எண்பதுகளின் தொடக்கத்தில், கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் கரிசல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், ஏழாம் வகுப்பில் நானும் குருவம்மாளும் மட்டுமே பெண்பிள்ளைகள். பள்ளிக்கூடம் முழுவதற்கும் குடிதண்ணீர் சுமப்பது எங்கள் இருவர் தலையில் எழுதியிருந்தது. யார் எழுதினார்கள் என்று கேட்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

செடி எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்று காட்டப்போவதாக அறிவியல் சார் சொன்னதும், காசித்தும்பைச் செடிக்கு எங்கே போவது என்று வகுப்பே முழித்தது. மழை பொய்த்த வருஷம். குருவம்மாள் வீட்டில் "சாமான் வெளக்குத" இடத்தில் மட்டும், பாத்திரம் கழுவிய தண்ணீரில், ஒன்று பூத்திருந்தது. அதை வேரோடு பிடுங்கி, ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்தாள். தண்டுக்குள்ளே சிவப்பு ஏறுமாம், கண்ணாலேயே பார்க்கலாமாம் என்று வழியெல்லாம் அதே பேச்சுத்தான் அவளுக்கு.

சிவப்பு மை கலந்த தண்ணீரில் செடியை நிறுத்தி வைத்த சார், எங்கள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, பானையில தண்ணி இல்ல. ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"பாத்துட்டுப் போறோம் சார்" என்றாள் குருவம்மாள்.

"அது ஏற நேரமாகும். வந்து பாத்துக்கிடலாம்."

கிணற்றில் ஊற்று ஊற ஊறக் காத்திருந்து, சேறு கலங்காமல் மொண்டு நிறைத்துத் திரும்பியபோது பாடமே முடிந்திருந்தது. தண்டை வெட்டிப் பையன்களுக்கெல்லாம் காட்டிவிட்டு, ஜன்னல் வழியே எறிந்திருந்தார். வெயிலில் அது வதங்கிக் கிடந்தது.

"எங்களுக்குக் காட்டலியே சார். செடி நான் கொண்டாந்தது."

"தண்ணி எப்படி ஏறுதுன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்? நீங்கதான தெனமும் ஏத்திக்கிட்டு வாரிய" என்றார் சார். பையன்கள் சிரித்தார்கள். குருவம்மாள் அழவில்லை. இடுப்பிலிருந்த குடத்தை வாசலுக்குக் கொண்டுபோய் அப்படியே கவிழ்த்தாள். கரிசல் வெடிப்பு அதை ஒரே மடக்கில் இழுத்துக்கொண்டது.

பிரம்படி விழுந்தது. வீட்டில் அதற்கு மேல். "தண்ணியக் கொட்டுதவ குடும்பத்தையும் கொட்டிருவா" என்று அவள் அப்பா படிப்பை நிறுத்தித் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார். ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு பிள்ளையின் படிப்பு. என்ன நியாயம் இது? சாரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து நான் தனியாகச் சுமந்தேன்.

போன வருஷம் பழைய மாணவர்கள் கூடினோம். கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள், பள்ளிக்கூடத்துக்குள்ளேயே குழாய் வந்துவிட்டது. தள்ளாடி வந்த சாருக்குச் சால்வை போர்த்தி, அந்தச் சோதனையைத்தான் எல்லோரும் பேசிப்பேசி மகிழ்ந்தார்கள். குருவம்மாள் பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை. அந்தச் சிவப்பை நான் பார்க்கவே இல்லை என்றேன்.

"அன்னைக்கு நீ லீவா?" என்று கேட்டான், அப்போது முன்பெஞ்சில் இருந்தவன்.

அன்றைக்கு அவன் குடித்த தண்ணீர் நான் சுமந்து வந்தது.