இனி அண்ணாவைப் பாடச் சொல்ல வேண்டாம்

எங்கள் அண்ணா அவர்கள் கண்மூடி இன்று முப்பத்தொரு நாள். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரை ஒரு பாட்டுக்காரராகவே அறிவீர்கள். களைத்துப்போன மனிதராக அவரை அறிந்தவர்கள் வீட்டார் நாங்கள் மட்டும்தான். அதனால்தான் தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன்.

அண்ணா யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்தவர். ஐயா கடை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் பாட்டு என்றால் எங்களுக்கு வானொலியில் வரும் குரல். அதற்கு முகம் கிடையாது. எழுபதுகளில் ஊர் இளைஞர்கள் கிற்றாரைத் தூக்கி, பெல்பொட்டம் போட்டு, தமிழில் பொப் பாட்டுப் பாடத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடித்தது. பின்னே, வீட்டு வாசலால் சைக்கிளில் போகிறவரே மேடையிலும் நின்றால் பிடிக்காதா? அண்ணாவும் அப்படி நின்றவர்களில் ஒருவர். வகுப்பில் எனக்கு ஐஸ்பழம் வாங்கித் தந்த சிநேகிதிகள் எல்லாரும் அவருக்காகவே வாங்கித் தந்தார்கள் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

கோயில் திருவிழாக்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மேடைக்கு இடப்பக்க மணலில். பெடியன்கள் விசிலடிப்பார்கள். பெண்பிள்ளை கைதட்டினால் வீட்டில் பூசை விழும். ஆகவே பாட்டு முடிந்ததும் தலைமுடியைச் சரிசெய்வதுபோல் கையைத் தூக்கி, கண்ணாடிக் காப்புகளைக் குலுக்குவார்கள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அண்ணா தலை நிமிர்வார்.

“உவளவைக்கு என்ன, கையில கடியோ?” என்று ஐயா முறைப்பார்.

பிறகு போர். சுவிஸுக்கு வந்து, டாவோஸில் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி, கை வெடித்து, பெர்மிட்டுக்காகக் காத்திருந்து, கடைசியில் பீல் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அண்ணியை அழைத்தார், பிள்ளைகளை ஆளாக்கினார், என்னையும் இங்கே எடுப்பித்தார். விடியற்காலை வேலை. சனி, ஞாயிறு வந்தால் மண்டபம். கலியாணமோ, பிறந்தநாளோ, சாமத்தியச் சடங்கோ, யாராவது மைக்கைக் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

“அண்ணை, ஒண்டே ஒண்டு. உங்கட அந்தப் பழைய பாட்டு.”

இல்லை என்று சொல்ல அவருக்குத் தெரியாது. புதுப் பாட்டு ஒன்றைப் பாடினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அறுபது தாண்டியவரிடம் அந்த இருபது வயதுப் பெடியனைத்தான் எல்லாரும் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவும் தெம்பில்லாமல் கதிரையில் சாய்ந்துவிடுவார். எனக்குச் சில நேரம் உங்கள் எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது. மன்னியுங்கள்.

தொண்டையில் நோய் வந்த பிறகும் கேட்டார்கள். கடைசியாக ஆஸ்பத்திரியில், காற்றாய்ப் போன குரலில் என்னிடம் சொன்னார்.

“தங்கச்சி, என்ர செத்தவீட்டிலயாவது என்னைப் பாட விடாதை.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

தகன மண்டபத்தில் ஒலிபெருக்கி பார்த்த தம்பி அண்ணாவின் பழைய ஒலிப்பதிவோடு வந்து நின்றார்.

“அக்கா, ஒரு பாட்டாவது போடாட்டிச் சனம் என்ன நினைக்கும்?”

நான் அண்ணியைப் பார்த்தேன். “அவர் சொன்னபடி விடுங்கோ, மச்சாள்” என்றார் அண்ணி.

“வேண்டாம் தம்பி. அவர் நல்லாக் களைச்சுப் போனார்” என்றேன்.

தேவாரம் முடிந்ததும் மண்டபம் அமைதியானது. பாட்டு வரும் என்று காத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிலர் என்னை முறைத்தார்கள். அண்ணாவின் பெட்டி உள்ளே நகரத் தொடங்கியது. அப்போது இடப்பக்க வரிசையில், ரெனானில் இருந்து ரயிலேறி வந்திருந்த என் பள்ளித்தோழி குளிர்கோட்டின் கையை மேலே இழுத்தாள். நரைத்த தலைமுடியைச் சரிசெய்வதுபோல் கையைத் தூக்கினாள். காப்புகள் குலுங்கின. பக்கத்தில் இருந்தவளும் தூக்கினாள். பிறகு அந்த வரிசை முழுவதும். நான் வாய்விட்டு அழுதேன்.

நோயில் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதிகளுக்கும், மாறி மாறிச் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், தோள் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காப்புக் குலுக்கியவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி. பாட்டு முடிந்துவிட்டது என்று அண்ணாவுக்கு நீங்கள்தான் சொல்லி அனுப்பினீர்கள்.