காகம் பிடுங்கிய முடி

நீலசந்திராவில் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. புங்க மரத்தடியில் ஒரு நாற்காலி, மரத்தில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடி, சலூன் இவ்வளவுதான். முடி வெட்டி முடித்த கடைக்காரர் கத்தியால் என் பிடரியை வழிக்கிறார். என்மேல் போர்த்திய துணியெல்லாம் நரைமுடி.

நாற்காலியின் கைப்பிடியில் ஒரு காகம் வந்து உட்காருகிறது. நான் துள்ளுகிறேன்.

"ஆடாதீங்க சார், கத்தி இருக்கு," என்கிறார் கடைக்காரர். "கூடு கட்டுற சீசன். அது எடுத்தப்புறம்தான் நான் துணிய உதறுவேன்."

காகம் என் மடியிலிருந்து ஒரு வாய் முடியைக் கவ்விக்கொண்டு மேலே பறக்கிறது. கத்தி விலகியதும் நிமிர்ந்து கூட்டைத் தேடுகிறேன். உச்சந்தலையில் சுரீரென்கிறது. இன்னொரு காகம், வெட்டாமல் விட்ட முடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு போகிறது. கண்ணில் நீர் முட்டுகிறது.

"என்னங்க இது, உயிரோட இருக்கிற ஆள் தலையில?"

"மாட்டு முதுகுல முடி புடுங்குறதில்லையா சார்? அந்த மாதிரிதான்."

மாட்டின் முதுகில் காகத்தை எத்தனையோ முறை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த முதுகின் இடத்தில் என் தலையை ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை.

முதல் காகம் திரும்பி வருகிறது. கடைக்காரர் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்.

"ஸ்வல்ப இருங்க, கொஞ்ச நேரம்தான்," என்கிறார், என்னிடம்.

தலையைக் குனிந்துகொடுக்கிறேன்.