பசுவுக்கு வாங்கிய புதுக் கயிறு

நீங்கள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கிறீர்களே பயத்தங்காய், அதுதான் ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது.

ரப்பர் தோட்டத்தில் பால்மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது, வேலையாட்களுக்குத் தோட்டத்தில் தந்திருந்த எங்கள் லயத்து வீடு போயிற்று. அப்பாவும் சித்தப்பாவும் ஈப்போவை அடுத்த லகாட் ஊர்ப் பக்கம், ஈயம் தோண்டிவிட்டுப் போன குளத்தோரத்தில் காய்கறி போட்டார்கள். அது வெறும் மணல். அதை மண்ணாக்கியது எங்கள் பசுவின் சாணம்தான்.

பசுவுக்கு ஒரு கெட்ட பழக்கம். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பக்கத்துச் சீனப் பெரியவரின் கீரைப் பாத்திக்குப் போய்விடும். அவர் வந்து சத்தம் போடுவார். “இவளுக்குக் கை மட்டும் இருந்தா, நம்ம வீட்டுப் பூட்டையும் தொறந்துருவா லா” என்று சித்தப்பா சிரிப்பார். அப்பா சிரிக்கமாட்டார். குட்டையாகக் கட்டி, இரட்டை முடிச்சுப் போடுவார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை குளத்துக் கரை உடைந்தது. அப்பா நெஞ்சளவு தண்ணீரில் மாட்டுக் கொட்டாய்க்குப் போனார். நனைந்த முடிச்சு இறுகிக் கிடந்தது, அவர் எவ்வளவு இழுத்தும் அவிழவில்லை. சித்தப்பா கத்தி கொண்டுவருவதற்குள் பசு மூழ்கிவிட்டது.

தண்ணீர் வடிந்தபோது பாத்திகளின் மேல் முழங்கால் உயரம் மணல். சீனப் பெரியவர் நிலமும் அப்படித்தான். அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். வெறும் கொட்டாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், மண்வெட்டியைத் தொடவில்லை. ஈப்போவில் கூலி வேலைக்குப் போகலாம் என்று அம்மா சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். தினமும் மரவள்ளிக்கிழங்குதான். இனி அவர் எழுந்திருக்கமாட்டார் என்றே நினைத்தேன்.

மாட்டுப் பொங்கலன்று அம்மா அடுப்பு மூட்டவில்லை. அப்பாவே எழுந்து பானை வைத்தார்.

“மாடே இல்ல, யாருக்குங்க பொங்கல்?” என்றார் அம்மா.

“இத்தன நாளு நமக்குச் சோறு போட்டாளே. அவளுக்குத்தான்.”

வெள்ளத்துக்குப் பிறகு நான் கேட்ட அவருடைய முதல் பேச்சு அது. கொட்டாயின் முளைக்குச்சியில் மஞ்சள் தடவி, இலையில் பொங்கல் வைத்துக் கும்பிட்டார். ஒரு கிண்ணம் பொங்கல் சீனப் பெரியவருக்கும் போயிற்று. கிண்ணம் திரும்பி வந்தபோது அதில் பயத்தங்காய் விதை இருந்தது.

அப்பா விதையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்ப் புதுக் கயிற்றை எடுத்துவந்தார். மாட்டுப் பொங்கலன்று பழைய கயிற்றை மாற்றிப் புதுசு கட்டுவது வழக்கம். வெள்ளத்துக்கு முன்பே பசுவுக்காக வாங்கிவைத்திருந்தார். அதைப் புரி புரியாகப் பிரித்து, மணலில் கம்பு நட்டு, கொடிக்குப் பந்தல் கட்டினார். அது அவளுடைய கயிறு என்று நான் அழுதேன். அவர் திட்டவில்லை.

கொடி காய்த்தது, நாங்கள் பிழைத்தோம். அப்பா மறுபடி மாடு வாங்கவே இல்லை.

காய்ப்பு ஓய்ந்ததும் சித்தப்பாவும் நானும் பந்தலைப் பிரித்தோம். நுனியைப் பிடித்து லேசாக இழுத்ததுமே ஒவ்வொரு முடிச்சும் அவிழ்ந்து விழுந்தது. அப்பாவுக்குக் கட்டவே மறந்துபோச்சு என்று சொல்லிச் சிரித்தேன்.

எதற்கும் சிரிக்கிற சித்தப்பா அன்று சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.