சவரி அண்ணன் கட்டிய வண்டி வழியில் நின்றதில்லை

செய்தி வந்தபோது நான் சிரித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் ஒரு கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். சவரி அண்ணனின் மகள் ஸ்டெல்லா போன் செய்து, "பாபு அங்கிள், அப்பா போயிட்டாரு" என்றாள்.

"எங்கம்மா போனாரு, வண்டிக்கு ஸ்பேர் வாங்க அமெரிக்காவுக்கா?" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இருபத்தைந்து வருடமாக அவரைக் கேலி செய்த வாய், அவர் செத்த செய்திக்கும் ஒரு கேலியைச் சொல்லிவிட்டுத்தான் மூடியது.

நம் அடுகோடி ஒர்க்‌ஷாப்காரர்கள் சங்க மலருக்கு அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் தையல் நேராகப் போகும், எழுத்து போகாது. ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். விஷயம் வேறு யாருக்கும் தெரியாது.

காக்ஸ் டவுன் சவரிநாதன் அவர்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒல்லியான மனிதர். காது கொஞ்சம் மந்தம். ஆனால் இன்ஜின் சத்தத்தில் எந்த வால்வு தப்புகிறது என்று தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவார். "பொண்டாட்டி கூப்பிட்டா கேக்காது, பிஸ்டன் கூப்பிட்டா மட்டும் கேக்குமா அண்ணே?" என்பேன். "பிஸ்டன் பொய் சொல்லாதுடா" என்பார். அவர் மெக்கானிக், நான் குஷன்காரன். ஒரே ஷெட்டில் பாதி அவருக்கு, பாதி எனக்கு.

அந்த அமெரிக்க வண்டி எங்கள் ஷெட்டுக்கு லாரியில் ஏறி வந்தது. காபி எஸ்டேட் குடோனில் வருடக்கணக்காகக் கிடந்த வண்டி. இடது பக்கம் ஸ்டியரிங். எட்டு சிலிண்டரும் ஒரே வரிசையில் இருப்பதால் பானெட் மட்டும் ஒரு ஆள் படுக்கிற நீளம். செய்த கம்பெனியை நாங்கள் பிறப்பதற்கு முன்பே மூடிவிட்டார்கள். அந்த மாடலில் நம் நாட்டில் இன்னொன்று இல்லை என்று எஸ்டேட் முதலாளி சொன்னார். நாங்கள் அவரை சார் என்போம். பின் சீட்டுக்குள் எலிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. "அண்ணே, இதுங்களுக்கு வேற வீடு பாத்துக் குடுத்துட்டுதான் வேலைய ஆரம்பிக்கணும்" என்றேன். அண்ணன் சிரிக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி.

நாலு வருடம் ஆயிற்று. கிடைக்காத சாமான்களை அவரே வரைந்து எடுத்துக்கொண்டு லேத்துப் பட்டறைகள் நிறைந்த பீன்யாவுக்குப் பஸ் ஏறுவார். லேத்துக்காரன் தப்பாகக் கடைந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் போவார். பின்பக்கச் சிவப்பு விளக்கில் ஒன்றுக்குக் கண்ணாடி இல்லை. கோயிலில் பீடத்துக்கு முன்னால் எரிந்து விரிசல் விட்ட சிவப்புக் கண்ணாடி விளக்குக் கூண்டு ஒன்றைப் பாதரிடம் கேட்டு வாங்கி, அறுத்து, தேய்த்துப் பொருத்தினார். "இனிமே இந்த வண்டி பிரேக் போட்டா பின்னாடி வர்றவன் முட்டி போடணும்" என்றேன். அதற்கு மட்டும் சிரித்தார்.

பழைய கார் கண்காட்சியில் அந்த வண்டிக்குக் கோப்பை கொடுத்தார்கள். "ஒவ்வொரு பார்ட்டும் அமெரிக்காவுல இருந்து வரவழைச்சது" என்று சார் மைக்கில் சொன்னார். பக்கத்தில் அண்ணன் தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். "பாருங்க, பீன்யா அமெரிக்காவுக்குப் போயிடுச்சு" என்று அவர் காதருகில் சொன்னேன். "சும்மா இரு. வண்டிக்குத்தானே குடுத்தாங்க" என்றார்.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெயிலிலும் டிராஃபிக்கிலும் ஊர்ந்தால் அந்த இன்ஜின் கொதித்து, பைப்பிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். அப்புறம் எத்தனை தடவை செல்ஃப் அடித்தாலும் கிளம்பாது. அண்ணனுடைய வைத்தியம் சாதாரணம். துண்டை நனைத்துப் பெட்ரோல் பைப்பில் சுற்றி, ஒரு பீடி குடிக்கிற நேரம் சும்மா இருப்பார். பைப் குளிர்ந்ததும் வண்டி கிளம்பிவிடும். வெயில் நாளாக இருந்தால் புறப்படும்போதே சுற்றிவிடுவார். சாருக்கு அதைக் கண்டாலே ஆகாது. "இந்த வண்டிக்குள்ள அழுக்குத் துணியா" என்று முகம் சுளிப்பார். சார் பார்க்காதபோது அண்ணன் சுற்றுவார். சனிக்கிழமைதோறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பார். ஒரு நாளும் அது வழியில் நின்றதில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

அண்ணனுக்கு ஒரே ஆசை. அந்த வண்டியின் பின் சீட்டில் ரோஸி அண்ணியோடு ஒரு தடவை உட்கார்ந்து போக வேண்டும். "முன்னால உக்காந்தா வேலைக்காரன்டா. பின்னால உக்காந்தாதான் ஆளு" என்பார். ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் சாரிடம் போய்க் கேட்டார். வீட்டிலிருந்து கோயில் வரைக்கும், அவ்வளவுதான். "ஆய்த்து, பார்க்கலாம்" என்று சார் கன்னடத்தில் பாதி, தமிழில் பாதியாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கு முடியாது என்றுதான் அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் மட்டும் தினமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் குரல் மாற்றிப் பேச வரும். டீக்கடைக்காரர் போனை வாங்கி, சார் குரலில் அண்ணனைக் கூப்பிட்டேன். "சவரி, ஸ்டெல்லா கல்யாணத்துக்கு வண்டி அனுப்பறேன். டிரைவரும் வருவான். நீ பின்னாடி உக்காரு." சாயங்காலமே சொல்லிச் சிரித்துவிடலாம் என்பதுதான் திட்டம்.

சாயங்காலம் ஷெட்டுக்கு வந்த அண்ணனுக்கு இருபது வயது குறைந்திருந்தது. கோயிலில் பாதி பேருக்கு அதற்குள் அவரும் அண்ணியும் சொல்லிவிட்டிருந்தார்கள். "பாபு, பின் சீட்டுக்கு வெள்ளை சாட்டின்ல ஒரு உறை தைச்சுக் குடுடா. ரோஸியோட பட்டுப்புடவைக்கு எடுப்பா இருக்கும்" என்றார். நான் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை, "ஓரத்துக்கு லேஸ் வைக்கவா அண்ணே?"

வராத வண்டிக்கு உறை தைத்தேன். லேஸ் வைத்துத் தைத்தேன்.

கல்யாணத்தன்று காலையில் அண்ணன் கோட்டுப் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் நின்றார். ஒரு கையில் பானெட்டுக்கு மல்லிகை மாலை, இன்னொரு கையில் நனைத்துப் பிழிந்த துண்டு. ஒரு மணி நேரம் நின்றார். ஆறு தடவை அவரிடம் உண்மையைச் சொல்லப் போய், ஆறு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். கோயிலிலிருந்து ஆள் வந்த பிறகு, அண்ணன் போனை ஒரு தடவை காதில் வைத்து எடுத்தார். அண்ணியைப் பார்த்து, "வண்டி வர்ற வழியில சூடாகி நின்னுடுச்சாம், ரோஸி. என் வேலையிலதான் ஏதோ கோளாறு. ஆட்டோவைக் கூப்பிடு" என்றார்.

போன் அடிக்கவே இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அந்தப் பேர் அவரோடு ஒட்டிக்கொண்டது. மகள் கல்யாணத்துக்கே நின்றுபோன வண்டியைக் கட்டியவர். வாடிக்கைக்காரர்கள் கேட்டார்கள், சொந்தக்காரர்கள் கேட்டார்கள், வேறு ஷெட்காரர்கள் பார்க்கும்போதெல்லாம் கேட்டார்கள். எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் சிரிக்காவிட்டால் சந்தேகம் வரும் என்று முதலில் சிரித்தேன். பிறகு பழகிவிட்டது. "அண்ணே, ஸ்டெல்லா கல்யாணத்து வண்டி வந்துடுச்சா, இல்ல இன்னும் வழியிலதான் நிக்குதா?" என்று நானே கேட்பேன். பதினோரு வருடம் கேட்டிருக்கிறேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "வந்துக்கிட்டே இருக்குடா" என்பார்.

போன மாதம் அவர் படுக்கையில் விழுந்த பிறகு பார்க்கப் போனேன். அண்ணி காபி போட உள்ளே போயிருந்தார்கள். அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "நீ சார் மாதிரி நல்லாத்தான் பேசினே. ஒரு தப்பு பண்ணிட்டே."

நான் அண்ணி போன பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"சாருக்கு என் பொண்ணு பேர் தெரியாதுடா. நீ ஸ்டெல்லான்னு சொன்னே."

"அப்ப போன்லயே தெரிஞ்சுடுச்சா? தெரிஞ்சுமா அண்ணே வாசல்ல நின்னீங்க?"

"போன் வந்தப்ப ரோஸி பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. நீ கத்தின கத்துல அவளுக்கும் கேட்டுடுச்சு. அவ மூஞ்சியப் பாத்தேன். இல்லன்னு சொல்ல வரல. சார்கிட்ட திரும்பப் போய்க் கெஞ்சினேன். கேட்டைத் திறக்கல. ஒருவேளை மனசு மாறி அனுப்புவாரோன்னு நின்னேன்."

"என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே."

"குடுத்திருந்தா அன்னையிலிருந்து உனக்கு எங்க வீட்ல சோறு கிடைக்குமா?" என்று சிரித்தார், இருமினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் இருக்கிறப்ப வேணாம். போன அப்புறம் அவகிட்ட சொல்லிடு. வண்டி நிக்கலன்னு மட்டும் சொல்லு. அது ஒண்ணுதான்டா எனக்குப் பொறுக்கல."

சொல்கிறேன் என்றேன்.

அடக்கத்தன்று உச்சி வெயில். சார் அந்த வண்டியிலேயே வந்தார், பின் சீட்டில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. ஓசூர் ரோட்டு நெரிசலில் ஊர்ந்து வந்த வண்டி கல்லறை வாசலில் திரும்பியதும் நின்றுவிட்டது. குறுக்காக நின்றது. பின்னால் அண்ணனின் சவப்பெட்டியை ஏற்றிய வேன் உள்ளே நுழைய முடியாமல் ஹாரன் அடித்தது. டிரைவர் செல்ஃப் அடித்து அடித்து, "ஸ்டார்ட் ஆக்தா இல்ல சார்" என்றான். அண்ணனின் மச்சான் ஒருவர், "அவர் கட்டின வண்டி அவரையே உள்ளே விட மாட்டேங்குது" என்றார். துக்கத்துக்கு வந்தவர்களில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

ரோஸி அண்ணி வேனிலிருந்து இறங்கி வந்து வண்டியைப் பார்த்தார்கள். "அன்னைக்கும் இப்படித்தான் நின்னிருக்கும், பாவம். அவரும் என்னதான் பண்ணுவாரு" என்றார்கள்.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதைவிட நல்ல இடத்தை அண்ணனே தேடிக் கொடுத்திருக்க முடியாது. நான் வாயைத் திறந்தேன். "அண்ணி, ஒரு துணி இருக்குமா?" என்று கேட்டேன்.

அண்ணி தன் பையிலிருந்து அண்ணனின் துண்டை எடுத்தார்கள். பெட்டிக்குள் வைப்பதற்காகக் கொண்டுவந்தது. குழாயில் நனைத்துப் பைப்பில் சுற்றிவிட்டு நின்றேன். ஒரு பீடி குடிக்கிற நேரம் போயிற்று. பிறகு சாவியைத் திருப்பினேன். ஒரே அடியில் எட்டு சிலிண்டரும் பேசின.

வண்டியை ஓரமாக எடுத்தேன், வேன் உள்ளே போயிற்று. சார் என் தோளைத் தட்டி, "நாளைக்கு வந்து அந்தத் துணிய எடுத்துடு. அசிங்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, மண் போடுவதற்கு முன்பே புறப்பட்டார். துண்டும் அவரோடு போய்விட்டது. அண்ணன் வெறும் தோளோடு உள்ளே இறங்கினார்.

ரோஸி அண்ணி, இதை ஸ்டெல்லா உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். அன்றைக்கு வண்டி எங்கேயும் நிற்கவில்லை. அது கிளம்பவே இல்லை. சார் குரலில் பேசியது நான். உறை தைத்தது நான். பதினோரு வருடம் சிரித்ததும் நான். இனி உங்கள் வீட்டில் எனக்குச் சோறு இல்லையென்றால் அது சரிதான்.

சவரி அண்ணே, துண்டை எடுக்க நான் போகவில்லை. அது அந்தப் பைப்பிலேயே கிடக்கட்டும். காய்ந்தாலும் கிடக்கட்டும். உங்கள் வண்டி நிற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். போய் வாருங்கள். பின்னால் உட்காருங்கள்.