கை நனைக்காமல் போனவர்கள்

பெண் பிடிக்காவிட்டால் பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்று எங்கள் குடும்பம் உறுதியாக நம்பியது. ராகலைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த எங்களைப் போன்றவர்களிடையே ‘வேண்டாம்’ என்று வாய்விட்டுச் சொல்வது நாகரிகமில்லை. தட்டைத் தொடாமல் எழுந்துபோனால் போதும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம், வலப்பனையிலிருந்து அக்காவைப் பார்க்க வந்தவர்கள் அப்படித்தான் எழுந்துபோனார்கள். மாப்பிள்ளை, அவருடைய தாயார், தாய்மாமன். பேச்செல்லாம் இனிமையாகவே நடந்தது. தகரக் கூரை ஒழுகி மாமனின் தலைப்பாகையில் மழைநீர் சொட்டியபோது, மாப்பிள்ளை சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்ததை அக்கா பார்த்துவிட்டாள். அவளுக்கு அவரைப் பிடித்துப்போக அதுவே போதுமாயிருந்தது. ஆனால் அம்மா சுட்ட வடை தட்டோடு உள்ளே திரும்பியது.

மறுநாள் காலையிலேயே தரகர் வந்து உட்கார்ந்தார். ஹட்டனில் வேறோர் இடம் காத்திருந்தது. அப்பா தலையசைத்தால் முடிந்துவிடும். அக்கா அடுப்படியில் யாரையும் பார்க்காமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

நான் அப்போது ஆசிரியப் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பயிற்சிக் கேள்வி என்னை ஏமாற்றியிருந்தது. இந்தத் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளில் குடியிருக்கும் பெண்கள் எல்லோரும் கொழுந்து பறிப்பவர்கள். ஒருத்தி கொழுந்து பறிக்கிறாள். அவள் இந்த லயத்துக்காரியா? ‘ஆம்’ என்று எழுதியிருந்தேன். அவள் எந்த லயத்திலும் இருக்கலாம். சொல்ல முடியாது என்பதே சரியான விடை. நான் செய்த அதே பிழையைக் கூடத்தில் பெரியவர்கள் செய்துகொண்டிருந்தபோது என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“வேணாம்னா சாப்பிட மாட்டாங்க, சரிப்பா. அதுக்காக சாப்பிடாதவங்க எல்லாரும் வேணாம்னு சொல்றாங்கன்னு ஆயிருமா?”

“அப்ப ஏன் சாப்பிடலையாம்?” என்றாள் அம்மா.

“தெரியாதும்மா. தெரியாதுங்கிறதுதான் விடை.”

“பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு ஆகாதுங்க, முதலாளி” என்றார் தரகர்.

அப்பா சிரித்தார். சேலையை விரித்துக்கூடப் பார்க்காமல் போனவர்கள் மறுவாரம் வந்து அதையே வாங்கிப்போவதும் உண்டு என்று தம் கடை அனுபவத்தைச் சொல்லி, வெள்ளிக்கிழமை வரை பொறுக்கும்படி கேட்டுத் தரகரை அனுப்பிவைத்தார். அடுப்படியில் நின்றுபோயிருந்த துருவும் ஓசை மீண்டும் கேட்டது. உண்மையில், அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்று தரகரைவிட எனக்கு எதுவும் அதிகமாகத் தெரிந்திருக்கவில்லை.

வெள்ளிக்கு முன்பே, மலையடிவாரமான நல்லதண்ணியிலிருந்து திரும்பும் வழியில், மூவரும் நொண்டியபடியே வந்து சேர்ந்தார்கள். சிவனொளிபாத மலைக்கு நேர்ந்துகொண்டிருந்தார்களாம். மலை ஏறி இறங்கும்வரை வெளி வீட்டில் சாப்பிடக்கூடாது. விரதத்தை வெளியே சொல்லவும் கூடாது. இது அவர்கள் குடும்ப வழக்கம்.

“இன்னிக்கு நல்ல பசிங்க” என்றார் தாயார், உட்காரும் முன்பே. “அன்னிக்கு மணந்துச்சே, அந்த வடை இருக்குங்களா?”

அம்மா திகைத்து நிற்க, கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“அதெல்லாம் அன்னிக்கே நாங்க தின்னு தீத்துட்டோங்க.”

மாப்பிள்ளை இம்முறை உதட்டைக் கடிக்கவில்லை; வாய்விட்டே சிரித்தார். அம்மா மறுபடியும் உளுந்து ஊறப்போட்டாள். அது ஊறி, அரைபட்டு, வெந்து வரும்வரை அவர்கள் காத்திருந்து உண்டார்கள். தேதியும் அன்றே குறிக்கப்பட்டது.

இன்றும் யாராவது விருந்தாளி எங்கள் வீட்டில் பலகாரத்தை மறுத்தால், அக்கா என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறாள். அன்று அந்த வீட்டில் இருந்தவர்களில் இப்போது நாங்கள் இருவர் மட்டுமே இருக்கிறோம்.